உப்பிட்டவர்கள்

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். யார் வீட்டில் கை நனைத்தோமோ அவர்களை மறக்கக் கூடாது என்பது அதன் பொருள். சிறு வயதில் கையெழுத்து நோட்டில் இதை நாற்பது தடவை எழுதியிருக்கிறேன். கை வலித்ததே தவிர, பொருள் மனத்தில் இறங்கவில்லை. அது இறங்குவதற்கு எனக்கு ஐம்பது வயதாக வேண்டியிருந்தது. இறக்கி வைத்தவர்கள், நான் ஒருநாளும் கண்டிராத, பெயர்கூடத் தெரியாத, இமயமலைச் சாரல் கிராமத்து மக்கள். அவர்கள் எனக்கு உப்பிட்டவர்கள். வாசகர்களே, உங்களுக்கும்தான். அது எப்படி என்பதைச் சொல்கிறேன்.

நான் அரியலூர்க்காரன். எங்கள் சீமை ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்தது என்று சொன்னால் வெளியூர் நண்பர்கள் சிரிப்பார்கள். வெயிலும் புழுதியும் சிமெண்டு ஆலைகளுமாக இருக்கிற ஊரில் கடலுக்கு ஏது இடம்? ஆனால் சுண்ணாம்புக் கல் தோண்டும் குழியில் இறங்கிப் பார்த்தால், கல்லாகிப் போன நத்தையும் சிப்பியும் கையில் அகப்படும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு அங்கே அலை அடித்ததற்கு அவை சாட்சி. பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லாகிக் கிடக்கிறது. 1940-இல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்கு எடுத்துச் சொன்னார். அந்தக் கடல் எங்களை விட்டுப் போய் வெகு காலம் ஆகிவிட்டது. போகும்போது சிப்பியை விட்டுச் சென்ற கடல், உப்பை விட்டுச் செல்லவில்லை. உப்புக்கு நாங்கள் கிழக்கே இருக்கிற இன்றைய கடலைத்தான் நம்பியிருந்தோம். சங்க காலத்தில் உமணர்கள் வண்டியில் உப்பு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள் என்று படிக்கிறோமே, அவர்களுடைய கடைசி வாரிசுகளை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். "உப்போய், உப்பு!" என்று கூவிக்கொண்டு ஒற்றை மாட்டு வண்டி வரும். கம்பும் சோளமும் அளந்து கொடுத்துவிட்டு, அழுக்கேறிய கல்லுப்பை முறத்தில் வாங்கிக்கொள்வார்கள்.

அப்படி வாங்கிய உப்பை என் அத்தை ஒரு தடவை தண்ணீரில் அலசிவிட்டுத்தான் பானையில் போடுவாள். சுத்தத்தில் அவளுக்கு அவ்வளவு பிடிவாதம். அப்பாவின் தங்கை அவள். பெரம்பலூருக்கு மேற்கே, பச்சைமலை அடிவாரத்தில் ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சி ஜில்லாவோடு சேர்ந்திருந்தன. பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-இல். அரியலூர் பிரிந்து, சேர்ந்து, கடைசியாகத் தனி மாவட்டமாக நிலைபெற்றது 2007-இல். ஜில்லா எதுவானால் என்ன? விடுமுறை விட்டால் நான் அத்தை வீட்டில்தான் கிடப்பேன்.

அத்தைக்குக் கழுத்தின் முன்புறத்தில் ஒரு வீக்கம் இருந்தது. முதலில் எலுமிச்சம் பழம் அளவு. பிறகு மாங்காய் அளவு. அவள் தண்ணீர் குடித்தால் அது மேலே ஏறிக் கீழே இறங்கும். சிறுவர்களாகிய நாங்கள் அதை வேடிக்கை பார்ப்போம். அத்தை முந்தானையைக் கழுத்தோடு இழுத்துச் சுற்றிக்கொள்வாள். அந்த ஊரில் வேறு யாருக்கும் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. சிலர் அதைக் கண்டமாலை என்றார்கள். கண்டமாலை வேறு நோய் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

1963-இல் அத்தைக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்படி ஒரு சமர்த்துக் குழந்தையை நான் பார்த்ததில்லை. அழவே அழாது. பால் கொடுக்க எழுப்பினால்தான் விழிக்கும். "பெத்தவளுக்குத் தொந்தரவு தராத புள்ளை" என்று ஊரே மெச்சிற்று. எல்லோரும் 'பாப்பா' என்று கூப்பிட்டோம். அந்தப் பெயரே அவளுக்கு நிலைத்துவிட்டது. ஏனென்றால் பாப்பா வளரவே இல்லை. இரண்டு வயதில் உட்காரவில்லை. நாக்கு தடித்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வயதில் நாலு வயதுக் குழந்தையின் உயரம். பேச்சு என்று இரண்டு மூன்று சொற்கள். ஒரு வைத்தியர், வளரும்போது சரியாகிவிடும் என்று டானிக் எழுதிக் கொடுத்தார். ஊர் வேறு காரணம் கண்டுபிடித்தது. கர்ப்பமாக இருந்தபோது அத்தை கிரகணத்தன்று அரிவாள்மணையில் உட்கார்ந்து காய் நறுக்கினாளாம்! மாமியார் சொன்னாள், கணவர் நம்பினார், கடைசியில் அத்தையும் நம்பிவிட்டாள். பாப்பா 26 வயது வரை இருந்தாள். பாப்பா போன பிறகும் அந்தக் கிரகணம் அத்தையை விட்டு விலகவில்லை.

1994-இல் அத்தைக்கு உடம்பு மிகவும் சோர்ந்துவிட்டது. எந்நேரமும் தூக்கம், சித்திரை வெயிலில் கம்பளி கேட்டாள், குரல் ஆண் குரல் போல் கரகரத்தது. மருமகள் "சோம்பேறி" என்று முணுமுணுத்தாள். நான் திருச்சிக்கு அழைத்துப் போய் ஒரு டாக்டரிடம் காட்டினேன். அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். ரத்தம் எடுத்துச் சோதித்தார். தைராய்டுக் குறைவு என்றார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. மூன்று மாதத்தில் அத்தை மறுபடி அத்தையானாள். கம்பளி பரணுக்குப் போயிற்று. மறு சோதனைக்குப் போனபோது டாக்டர் வீட்டு விவரங்களைக் கேட்டார். பாப்பாவைப் பற்றிச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் குழந்தைக்கும் இதே குறைதான் இருந்திருக்கும் அம்மா. பிறந்த சில வாரங்களுக்குள் இந்த மருந்தைக் கொடுத்திருந்தால் மற்றக் குழந்தைகளைப் போல வளர்ந்திருக்கும்" என்றார்.

அத்தை கேட்டாள்: "ஐயா, இந்த மாத்திரை அப்பவே இருந்துச்சுங்களா?"

"இருந்தது அம்மா."

பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று முதல் அவள் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பதில் தெரியாத கேள்வி இருந்தால் தூக்கம் வராது. புத்தகசாலைகளில் தேடத் தொடங்கினேன்.

தைராய்டு என்பது குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி உட்கார்ந்தாற்போல் இருக்கும் ஒரு சுரப்பி. எடை ஏறக்குறைய 20 கிராம். 1656-இல் அதற்கு அந்தப் பெயரை வைத்தவர் தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கிலேயர். அது எதற்காக இருக்கிறது என்பதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, கழுத்தை உருட்சியாகவும் அழகாகவும் காட்டுவதற்காக என்பது! நம் காவியப் புலவர் யாராவது உடற்கூறு படித்திருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பார். உண்மை தெரிய இன்னும் 200 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சுவிட்சர்லாந்தில் கோச்சர் என்ற பேர்பெற்ற சர்ஜன், கழுத்துக் கழலைகளை மிக நேர்த்தியாக அறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். சுரப்பியை முழுக்க எடுத்துவிட்ட நோயாளிகளைப் பிற்பாடு கூப்பிட்டுப் பார்த்தபோது அவருக்குத் திக்கென்றது. உடம்பு ஊதி, புத்தி மங்கி, சிறுவர்கள் வளராமல் நின்று போயிருந்தார்கள். தம் கையால் நேர்ந்ததை அவர் மறைக்கவில்லை. 1883-இல் வெளிப்படையாக எடுத்துரைத்தார். 1909-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய கத்தியை விட அந்த ஒப்புதலே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் டாக்டர், ஆட்டின் தைராய்டிலிருந்து சாறு எடுத்து, தைராய்டு வற்றிப்போன 46 வயது அம்மாள் ஒருத்திக்கு ஊசியில் செலுத்தினார். அவள் எழுந்து நடமாடினாள். 28 ஆண்டுகள் வாழ்ந்து 74-ஆம் வயதில் இறந்தாள். அதற்குள் 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் அவளுக்காகச் செலவாகியிருந்தன. 1914-இல் அமெரிக்காவில் கெண்டால், பன்றிச் சுரப்பிகளை டன் கணக்கில் காய்ச்சி வடித்து, அந்தச் சாற்றின் சாரத்தைப் படிகமாகப் பிரித்தார். தைராக்ஸின் என்பது அதன் பெயர். 1927-க்குள் ஹாரிங்டனும் பார்ஜரும் அதைச் சோதனைச்சாலையிலேயே செய்து காட்டிவிட்டார்கள்.

ஆகவே டாக்டர் சொன்னது சரி. பாப்பா பிறந்தபோது மருந்து இருந்தது. தேடத்தான் ஆள் இல்லை. பிறந்த குழந்தைகள் எல்லோரிடமும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து இந்தக் குறையைக் கண்டறியும் முறையை, 1970-களின் தொடக்கத்தில் கனடாவின் கியூபெக்கில் ழான் டுஸ்ஸோ என்பவர்தான் ஆரம்பித்தார். அழாத குழந்தையைச் சமர்த்து என்று கொஞ்சிய எங்கள் ஊரைக் குறை சொல்லி என்ன பயன்? உலகமே அதுவரை அப்படித்தான் கொஞ்சிக்கொண்டிருந்தது.

அத்தையின் கழுத்து வீக்கத்துக்கு வருகிறேன். தைராக்ஸின் செய்யச் சுரப்பிக்கு ஒரு கச்சாப் பொருள் வேண்டும். அதுதான் அயோடின். நாள் ஒன்றுக்கு 150 மைக்ரோகிராம். ஆயுள் முழுவதற்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகாது. அந்தத் துளியும் கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? எங்கள் மானாவாரிச் சீமையில் கிணறு வற்றினால் குடியானவன் என்ன செய்வான்? மேலும் தோண்டுவான், அகலமாக வெட்டுவான். கிணறு பெரிதாகும், தண்ணீர் பெரிதாகாது. சுரப்பியும் அப்படித்தான். கழுத்தில் தொங்குகிற அந்தப் பெரிய கழலை செல்வம் அல்ல, வறுமை. கர்ப்பிணிக்கு அந்த வறுமை வந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளையையும் காதையும் தொடும். பச்சைமலைப் பக்கம் நிறையப் பயிராகிற குச்சிக்கிழங்கையே முழு உணவாக உண்டால், அதிலுள்ள ஒரு பொருள் சுரப்பிக்குள் அயோடின் போகும் வழியையும் மறிக்கும். அத்தை வீட்டில் வருஷத்தில் பாதி நாள் அந்தக் கிழங்குதான்.

அயோடினும் கடலில் பிறந்ததே. நெப்போலியனின் பீரங்கிகளுக்கு வெடியுப்புத் தயாரித்துக்கொண்டிருந்த கூர்த்துவா, 1811-இல் கடற்பாசிச் சாம்பலில் அதைக் கண்டார். 1820-இல் ஜெனீவாவில் கொயிந்தே என்ற டாக்டர் அதைக் கழலைக்கு மருந்தாகக் கொடுத்தார்; அளவு தெரியாமல் கொடுத்துக் கெட்ட பெயரும் வந்தது. சரியான அளவு தெரிந்தது 1917-இல். ஒஹையோவில் ஆக்ரன் நகரத்துப் பள்ளி மாணவிகளுக்கு மரீனும் கிம்பலும் சிறிது சிறிதாக அயோடின் உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்துக்கொண்ட ஏறக்குறைய 2,000 பேரில் கழலை கண்டவர்கள் ஐந்தே பேர். எடுத்துக்கொள்ளாத 2,300 பேரில் சுமார் 500 பேர். 1922-இல் சுவிட்சர்லாந்தும், 1924-இல் அமெரிக்காவின் மிச்சிகனும் சாப்பாட்டு உப்பில் அயோடின் கலக்கத் தொடங்கின.

நம் நாட்டில் நடந்தது என்ன? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராபர்ட் மக்காரிசன் என்ற ராணுவ டாக்டர் கில்கிட் பள்ளத்தாக்கில் இருந்தார். ஒரே வாய்க்கால் நீரை ஒன்றன்கீழ் ஒன்றாகக் குடித்த கிராமங்களில், கீழே போகப் போகக் கழலை மிகுந்திருப்பதைக் கண்டார். மேல் கிராமங்களின் கழிவு கலந்த நீர்தான் காரணம் என்று முடிவு கட்டினார்; அந்த நீரின் வண்டலைத் தாமே குடித்தும் பார்த்தார். பின்னாளில் நம் நீலகிரியில் குன்னூருக்கு வந்து, உணவுக் குறையால் வரும் நோய்களை ஆராய ஒரு நிலையத்தை உருவாக்கினார். அதுதான் பிறகு ஹைதராபாத் சென்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. துணிச்சல்காரர்; மேதை. ஆனால் இமயமலைக் கழலைக்கு அசுத்த நீரே காரணம் என்ற அவருடைய கொள்கை, அயோடினைப் பற்றிய சந்தேகத்தை இந்தியாவில் நெடுங்காலம் உயிரோடு வைத்திருந்தது.

அதே குன்னூர் நிலையத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்த இன்னொருவர் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தார். ஸ்ரீகாகுளத்தில் 1921-இல் பிறந்த டாக்டர் வி. ராமலிங்கசுவாமி. பிற்காலத்தில் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் தலைவராக இருந்தவர். 1956-இல் அவரும் பஞ்சாப் சுகாதாரத் துறையைச் சேர்ந்த சூச் என்பவரும், இன்று ஹிமாசலப் பிரதேசத்தில் இருக்கும் காங்ரா பள்ளத்தாக்கில் ஒரு சோதனையை ஆரம்பித்தார்கள். சுமார் ஒரு லட்சம் மக்கள். நூற்றுக்கு 40 பேருக்குச் சற்றுக் குறைவாகக் கழலை. பள்ளத்தாக்கை மூன்று வட்டாரமாகப் பிரித்தார்கள். 'ஏ' வட்டாரத்துக்குப் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பு. 'சி' வட்டாரத்துக்குப் பொட்டாசியம் அயோடேட் கலந்த உப்பு. 'பி' வட்டாரத்துக்கு ஒன்றும் கலக்காத வெறும் உப்பு.

ஆறு ஆண்டுகள் சென்றன. 1962-இல் கழுத்துகளை மறுபடி எண்ணினார்கள். 'ஏ'யில் கழலை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. 'சி'யில் பாதிக்கும் கீழே. 'பி'யில் மட்டும் அப்படியே இருந்தது. தண்ணீர் மாறவில்லை, மலை மாறவில்லை, உப்பு ஒன்றுதான் மாறியிருந்தது. இன்னொரு நன்மையும் விளைந்தது. அயோடைடு ஈரமான கல்லுப்பில் நிலைக்காது, அயோடேட் நிலைக்கும். நம் ஊர் அழுக்கு உப்புக்கும் மழைக்காலத்துக்கும் ஏற்றது அதுவே என்பது உறுதியாயிற்று. அதே 1962-இல் மத்திய அரசு கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 1980-களில் நாடு முழுவதற்கும் அயோடின் உப்பு என்று முடிவாயிற்று. கட்டாயமா, விருப்பமா என்று பெரும் வழக்கு நடந்தது. சிறிய உப்பளக்காரர்கள் பிழைப்புப் போகிறதே என்றார்கள். சாதா உப்பு விற்பனைக்கு இருந்த தடை 2000-இல் நீங்கி, 2006-இல் மறுபடி வந்தது. இன்று ஒரு கிலோ உப்பு நம் கைக்கு வரும்போது குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது சட்டம். பத்துக் கிராம் உப்பில் ஒரு நாள் தேவை அடங்கிவிடுகிறது. ஏழையும் பணக்காரனும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்ணும் பொருள் உப்பு ஒன்றுதான் அல்லவா? மருந்தை அதில் வைத்தவர்களின் யுக்தியை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஒரு எச்சரிக்கை. தைராய்டுக் கோளாறு எல்லாமே உப்பால் வருவதல்ல. உடம்பின் காவற்படையே சுரப்பியைத் தாக்கும் நோயை 1912-இல் ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானியர் விவரித்தார். நகரங்களில் மாத்திரை சாப்பிடுகிற பலருக்கு அதுதான் காரணம். என் கட்டுரையைப் படித்து யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

காங்ராவின் 'பி' வட்டாரத்தை விட்டு என் மனம் நகர மறுத்தது. 1917-லேயே ஆக்ரனில் தெரிந்த விஷயத்தை 1956-இல் மறுபடி சோதிப்பானேன்? அதற்காக ஆயிரக்கணக்கான பேர் ஆறு வருஷம் வெறும் உப்பைத் தின்பானேன்? விஞ்ஞானிகளிடம் பதில் இருக்கிறது. இமயமலைக் கழலை வேறு வகை என்ற வாதம் அப்போது அடங்கவில்லை. கச்சா உப்பில் அயோடின் நிற்குமா என்று தெரியாது. ஒப்பிட ஒரு வட்டாரம் இல்லாவிட்டால், கழலை தானாகவே குறைந்தது என்று யாரும் சொல்லிவிடலாம். கோடிக்கணக்கான ரூபாய் கேட்டால் சர்க்கார் அத்தாட்சி கேட்கும். 'பி' மக்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. அவர்கள் பாட்டன் காலம் முதல் உண்ட உப்பையே உண்டார்கள். 1962-க்குப் பின் அவர்களுக்கும் அயோடின் உப்பு போயிற்று. அங்கும் கழலை இறங்கியது. எல்லாம் நியாயம். சோதனைக்கு உட்படுகிறவனின் சம்மதம் பற்றிய ஹெல்சிங்கி பிரகடனம்கூட 1964-இல்தான் வந்தது. ராமலிங்கசுவாமியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு எண்ணமில்லை. அவரால் பிழைத்த தலைமுறைகள் ஏராளம். ஆனால் அந்த ஆறு வருஷத்தில் 'பி' வட்டாரத்தில் பிறந்த குழந்தைகள்? கணக்கில் அவர்கள் ஓர் எண். என் கண்ணுக்கு ஒவ்வொருவரும் பாப்பாவாகத் தெரிந்தார்கள்.

2003-ஆம் ஆண்டு, ஒரு மாலையில் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் கதை கேட்பதில் கெட்டிக்காரி. குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்போ கிரகணத்தாலே இல்லையா, தம்பி?"

"இல்லை, அத்தை. கிரகணத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் நாற்பது வருஷமாகச் சுமந்த மூட்டையை நான் எட்டு வருஷம் முன்னாலேயே, புத்தகத்தைப் புரட்டாமலே, இறக்கி வைத்திருக்கலாம். டாக்டர் சொன்ன அன்றே இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

சிறிது நேரம் கழித்து அவள் கேட்டாள்: "அந்த வெறும் உப்புத் தின்ன ஊர்க்காரங்களுக்கு அப்புறமாவது நல்ல உப்புக் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"அதுக்குள்ள பொறந்த புள்ளைங்க?"

நான் பேசவில்லை. அத்தையும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "பாவம், நமக்காகத் தின்னிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். கடையில் வாங்கி வந்த கல்லுப்பு முறத்தில் இருந்தது. பக்கத்தில் அலசுவதற்கு வழக்கம்போல் தண்ணீர்ச் சட்டி. அத்தை சட்டித் தண்ணீரை வாசலில் இருந்த முருங்கைக்கு ஊற்றினாள். உப்பை அப்படியே ஜாடியில் கொட்டி, மூடியை இறுக்கி வைத்தாள்.